முழு இதழா, நகலா, பழைய தாளா, திரையா? வகுப்பறைக்கு நாளிதழைக் கொண்டுவரும் நான்கு வழிகள்

நாளிதழை வைத்துப் பாடம் நடத்தலாம் என்று முடிவெடுப்பது எளிது. எந்த வடிவில் கொண்டுவருவது என்ற இடத்தில்தான் பல ஆசிரியர்கள் நின்றுவிடுகிறார்கள். குழுவுக்கு ஒன்றாக அன்றைய இதழை வாங்குவதா? ஒரே செய்தியை நகலெடுத்து எல்லார் கையிலும் கொடுப்பதா? வீடுகளில் சேர்ந்து கிடக்கும் பழைய பேப்பரைக் கேட்டு வாங்குவதா? மின்னிதழைத் திரையில் காட்டிவிடுவதா?

நான்கிலும் பிள்ளைகள் படிப்பது செய்தியைத்தான். ஆனால் கற்றுக்கொள்வது வேறு வேறு. முழு இதழைக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு செய்தியைப் படிக்கச் சொன்னால் பாதி வகுப்பு விளையாட்டுப் பக்கத்தில் இருக்கும். நகலைக் கொடுத்துவிட்டு 'எது முக்கியச் செய்தி?' என்று கேட்டால், அதை நீங்களே முந்தின இரவு தேர்ந்தெடுத்துவிட்டீர்கள், கேள்விக்கே இடமில்லை. செயல்பாடு தோற்றதாகத் தோன்றும் பல வகுப்புகளில் உண்மையில் தவறியது வடிவம்தான்.

கீழே வரும் கணக்குகளெல்லாம் 40 மாணவர், 40 நிமிட வகுப்பு, நால்வர் கொண்ட 10 குழுக்கள் என்ற அளவில்.

## முதலில் கேட்க வேண்டியவை

பிள்ளையின் கையில் என்ன இருக்க வேண்டும்? முழுப் பக்கமா, ஒரு செய்தியா, வெட்டி ஒட்டும் வெறும் தாளா? மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இதற்குத்தான் எடை அதிகம். இதற்கு விடை தெரிந்தால் பாதி முடிவு வந்துவிடும்.

செய்தியைத் தேர்ந்தெடுப்பது யார்? ஆசிரியர் என்றால் பாதுகாப்பு கூடும், நேரம் மிச்சமாகும். மாணவர் என்றால் ஆர்வம் கூடும், சத்தமும் கூடும்.

படிக்கும் தரம் ஒத்துவருமா? செய்தியில் தொடர்ந்து 100 சொற்களை எடுத்து, வகுப்பின் நடுத்தர மாணவருக்குத் தெரியாத சொல் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஐந்துக்கு மேல் போனால் தனியாகப் படிக்கக் கொடுக்காதீர்கள். இணையாகவோ, ஆசிரியர் வாசிக்கக் கேட்டோதான் படிக்க முடியும்.

ஆசிரியரின் முன்தயாரிப்பு எவ்வளவு? வாங்கும் செலவைக் கணக்கு பார்ப்பவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. வாரந்தோறும் முக்கால் மணி நேரத்துக்கும் மேல் கேட்கும் முறை, எவ்வளவு நல்லதானாலும், மூன்றாவது மாதத்தில் நின்றுபோகும்.

எழுதலாமா, வெட்டலாமா, பிறகு என்ன மிஞ்சும்? அடிக்கோடு போட முடியாத தாளில் ஆழ்ந்த வாசிப்பு நடக்காது.

| அளவுகோல் | அன்றைய முழு இதழ் | ஒரு செய்தியின் நகல் | பழைய தாள் | திரை |
|---|---|---|---|---|
| தேர்வு செய்பவர் | மாணவர் | ஆசிரியர் | பாதிப் பாதி | பெரும்பாலும் ஆசிரியர் |
| முன்தயாரிப்பு | 15 நிமிடம், அன்று காலையிலேயே | 30 முதல் 45 நிமிடம் | ஒருமுறை நீண்ட தரம்பிரிப்பு, பிறகு மிகக் குறைவு | 10 முதல் 20 நிமிடம் |
| மாணவருக்கு எட்டும் எழுத்தளவு | சிறியது | விரும்பிய அளவு | சிறியது | கடைசி வரிசைக்கு எட்டாது |
| வெட்ட, எழுத | ஒரு முறை மட்டும் | தாராளமாக எழுதலாம் | தாராளமாக வெட்டலாம் | இயலாது |
| மறைந்திருக்கும் செலவு | இரைச்சல், மடிப்பு, பாதியில் அறுபடும் செய்தி | தாள், ஆசிரியரின் இரவு நேரம் | தூசி, தரம்பிரிப்பு, இடம் | மின்சாரம், இணையம், சந்தா |
| சிறப்பாகப் பொருந்துவது | முதல் பக்க ஒப்பீடு, செய்தி முக்கியத்துவம் | வாசிப்பு, இலக்கணம், கருத்தும் தகவலும் | கணக்கு, சொல்வேட்டை, விளம்பர ஆய்வு | ஒரே நிகழ்வின் பல தலைப்புகள் |

## அன்றைய முழு இதழ்

இதன் பலம் பக்க அமைப்பு. எந்தச் செய்தி மடிப்புக்கு மேலே இருக்கிறது, எதற்குப் பெரிய தலைப்பு, எது ஒற்றைப் பத்தியில் ஓரமாக ஒதுங்கியிருக்கிறது என்பதெல்லாம் ஆசிரியர் குழுவின் முடிவுகள். இந்த முடிவுகளைப் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பது முழுத் தாளில் மட்டும்தான். ஒரே நாளின் இரண்டு வெவ்வேறு இதழ்களைத் தரையில் அருகருகே விரித்து, இரண்டிலும் வந்த செய்தி எது, ஒன்றில் மட்டும் வந்தது எது, ஒரே செய்திக்கு யார் எவ்வளவு இடம் கொடுத்தார்கள் என்று அளவுகோலால் அளக்கச் சொல்லுங்கள். செ.மீ. கணக்கில் நீளத்தை அகலத்தால் பெருக்கினால் கணிதப் பாடமும் அதிலேயே வந்துவிடும்.

தரை என்று சொன்னது காரணத்தோடுதான். பெரிய அளவு நாளிதழை விரித்தால் ஒரு மேசைக்கு மேல் போகும். மேசையில் நால்வர் படித்தால் இருவருக்கு எழுத்து தலைகீழ். தரையில் ஒரே பக்கமாக வரிசையாக உட்காரவையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் நான்கு மூலைக்கும் ஒரு நோட்டு வேண்டும்.

10 குழுவுக்கு 10 இதழ் வாங்க முடியாதபோது பலரும் தாள் தாளாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். கணக்கு சரியாகவே வரும்: 16 பக்க இதழில் 4 தாள், 3 இதழுக்கு 12 தாள், 10 குழுவுக்குக் கொடுத்து இரண்டு மிஞ்சும். சிக்கல் தாளின் உள்ளடக்கத்தில் இருக்கிறது. 16 பக்க இதழில் வெளித்தாளில் 1, 2, 15, 16 ஆகிய பக்கங்கள். அடுத்ததில் 3, 4, 13, 14. அதற்குள் 5, 6, 11, 12. நடுத்தாளில் 7, 8, 9, 10. வெளித்தாள் கிடைத்த குழுவுக்கு முதல் பக்கச் செய்தியெல்லாம் இருக்கும், ஆனால் 'தொடர்ச்சி 8ஆம் பக்கம்' என்ற இடத்தில் கதை அறுந்துபோகும். 8ஆம் பக்கம் வேறு குழுவிடம். இரண்டாம் தாள் கிடைத்த குழுவுக்கு முழுக்க விளம்பரமே வந்தாலும் வரலாம். ஆகவே பிரித்துக் கொடுப்பதானால் எல்லாத் தாளிலும் செய்யக்கூடிய வேலையைக் கொடுங்கள்: ஊர்ப்பெயர்களைத் தேடுவது, எண்களைப் பட்டியலிடுவது, படக்குறிப்புகளை ஒப்பிடுவது. அல்லது தொடர்ச்சி யாரிடம் இருக்கிறது என்று குழுக்கள் போய்க் கேட்டுப் படித்து வருவதையே செயல்பாடாக்குங்கள். அதில் படித்ததை வாய்மொழியாகச் சொல்லும் பயிற்சியும் சேர்ந்துவிடும்.

(ஒரு சிறு உபரி: ஒரு தாளின் ஒரே முகத்தில் அமையும் இரு பக்க எண்களைக் கூட்டினால் எப்போதும் மொத்தப் பக்கத்தைவிட ஒன்று கூடுதலாக வரும். 16 பக்க இதழில் 1+16, 2+15, 7+10 எல்லாமே 17. ஏன் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். இரண்டே பக்கமுள்ள ஒற்றைத் தாள் இணைத்த இதழில் இந்தக் கணக்கு தவறும். அந்தத் தாள் எங்கே செருகப்பட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பதும் நல்ல புதிர்.)

நேரத்தைப் பங்கிடும்போது ஐந்து நிமிடத்தைச் சும்மா புரட்டிப் பார்க்க ஒதுக்குங்கள். இதை மிச்சப்படுத்த நினைப்பது பொதுவான தவறு. புதுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு புரட்டாமல் இருக்கப் பெரியவர்களாலேயே முடியாது. கொடுக்க 5, புரட்ட 5, வேலைக்கு 15, குழுக்கள் சொல்ல 10, மடித்துத் திருப்பித்தர 5 என்றால் 40 நிமிடம் சரியாக இருக்கும். மடிக்கச் சொல்லிக்கொடுங்கள்: நடுத்தாளை முதலில் சேர்த்து, முதுகை நேராக்கி, பிறகு குறுக்கே மடிப்பது. இது தெரியாத வகுப்பில் அடுத்த பிரிவுக்குக் கொடுக்க இதழே மிஞ்சாது.

முன்தயாரிப்பு குறைவுதான், ஆனால் அதைத் தள்ளிப்போட முடியாது. இதழ் காலையில்தான் வருகிறது. வகுப்புக்குள் நுழையும் முன் எல்லாப் பக்கத்தையும் ஒருமுறை கண்ணால் ஓட்டியே ஆக வேண்டும். விபத்துப் படம், வன்கொடுமைச் செய்தி, வகுப்பிலுள்ள ஒரு பிள்ளையின் குடும்பத்தைத் தொடும் செய்தி ஆகியவை எந்த நாளிலும் வரலாம். அந்தத் தாளை மட்டும் எடுத்துவிட்டால் போதும். அதற்காகவே மாற்று வேலை ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும்.

## ஒரு செய்தியின் நகல்

ஆழ்ந்த வாசிப்புக்கு இதைவிட நல்ல வழி இல்லை. எல்லார் கண்ணும் ஒரே வரியில் இருக்கும். அடிக்கோடு போடலாம், வட்டமிடலாம், ஓரத்தில் எழுதலாம். ஐந்து வரிக்கு ஒருமுறை ஓரத்தில் வரி எண் போட்டுவிட்டால் 'பன்னிரண்டாவது வரியில் பார்' என்று சொல்ல முடியும். 'எங்கே சார், எங்கே டீச்சர்' என்று தேடுவதில் வீணாகும் நேரம் மிச்சம்.

தமிழ்ச் செய்தியின் முதல் வாக்கியத்துக்கு இந்த அளவு நிதானம் தேவைப்படுகிறது. இப்படி ஒரு வாக்கியம் என்று வைத்துக்கொள்வோம்:

*ஆற்றின் நீர்மட்டம் உயர்ந்ததை அடுத்து கரையோரப் பகுதிகளில் வசிப்போர் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு நகர நிர்வாகம் கேட்டுக்கொண்டுள்ளது.*

பதின்மூன்று சொற்கள். 'யார் என்ன செய்தார்கள்?' என்று கேட்டால் பல பிள்ளைகள் 'ஆறு உயர்ந்தது' என்பார்கள். சிலர் 'மக்கள் போய்விட்டார்கள்' என்பார்கள். மக்கள் இன்னும் போகவில்லை. போகச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். முக்கிய வினை கடைசிச் சொல்லில் இருக்கிறது, அதைச் செய்தவர் அதற்கு ஒட்டி முன்னால் இருக்கிறார். எனவே வாக்கியத்தின் கடைசியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். முதலில் கடைசி வினைக்கு வட்டம். யார் கேட்டுக்கொண்டது? நகர நிர்வாகம். யாரை? வசிப்போரை. என்ன செய்யும்படி? செல்லும்படி. ஏன்? நீர்மட்டம் உயர்ந்ததால். நான்கு கேள்வியில் வாக்கியம் திறந்துகொள்ளும். இதை வாரம் ஒரு வாக்கியம் என்று செய்தாலே போதும், நீண்ட வாக்கியத்தின்மேல் இருக்கும் பயம் போய்விடும். முழு இதழை வைத்துக்கொண்டு இதைச் செய்யவே முடியாது.

நகலெடுப்பதில் தவறுவன சில உண்டு. நாளிதழ்த் தாள் மெல்லியது. பின்பக்க அச்சு நிழலாக ஊடுருவி நகலில் அழுக்காக விழும். தாளின் பின்னால் ஒரு கறுப்புத் தாளை வைத்து எடுத்தால் அந்த நிழல் பெருமளவு மறையும். புகைப்படம் கறுத்துப்போனால் இயந்திரத்தில் படத்துக்கான அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். பின்னணியை வெளுப்பாக்குகிறேன் என்று அதிகம் வெளுத்துவிடாதீர்கள், அப்போது முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. 'அவர்கள் என்றார்' என்பது 'அவரகள எனறார' ஆகிவிட்டால், எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை அங்கேயே நின்றுவிடும். நகலின் நகலை எடுக்கும்போது இது இன்னும் மோசம். எப்போதும் மூலத்திலிருந்தே எடுங்கள்.

அளவைப் பொறுத்தவரை, 4.5 செ.மீ. அகலமுள்ள நெட்டுப் பத்தியை 150% பெரிதாக்கினால் 6.75 செ.மீ. ஆகும். அப்படி இரண்டு பத்தியை ஏ4 தாளில் ஒட்டினால் 13.5 செ.மீ.; ஓரம் போக, குறிப்பெழுதவும் இடம் மிஞ்சும். தாளின் கீழே இதழின் பெயரும் தேதியும் எழுதாமல் விடாதீர்கள். எப்போது, எங்கே வந்தது என்று தெரியாத செய்தியை நம்பக்கூடாது என்பதை வேறெப்படிக் கற்பிப்பது? வகுப்புக்காக எடுக்கும் நகலுக்குப் பதிப்புரிமைச் சட்டம் எந்த அளவு இடம் தருகிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும். பள்ளி நிர்வாகத்திடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள், அந்த நகலை இணையக் குழுக்களில் பரப்பாதீர்கள்.

செய்தி நீளமாக இருந்தால் கடைசிப் பத்தியிலிருந்து மேல்நோக்கி வெட்டுங்கள். நேரடிச் செய்திகளில் முக்கியமானது மேலேயும் துணைத் தகவல் கீழேயும் இருக்கும். கீழே வெட்டினால் பொருள் கெடாது. இதே அமைப்பால்தான் ஒரு பிரபலமான செயல்பாடு அடிக்கடி கவிழ்கிறது. செய்தியைப் பத்தி பத்தியாக வெட்டி, கலைத்து, சரியான வரிசையில் அடுக்கச் சொல்வார்கள். கதையில் இது வரும். நேரடிச் செய்தியில் முதல் பத்தியைக் கண்டுபிடிக்கலாம். அதற்குப் பிறகு இரண்டு மூன்று வரிசைகள் சரியாகவே இருக்கும். ஆசிரியர் ஒரே விடையைக் கையில் வைத்துக்கொண்டு 'தப்பு' என்று சொன்னால், நன்றாக யோசித்த குழுதான் அதிகம் அடிபடும். வரிசைப் பயிற்சிக்குக் கால வரிசையில் நகரும் கட்டுரையை எடுங்கள்: ஒரு மீட்புப் பணி, ஒரு பயணம், ஒரு போட்டியின் ஆட்டப்போக்கு.

தலைப்பு எழுதும் பயிற்சிக்கு நகலில் தலைப்பை மறைப்பது எல்லாருக்கும் தெரியும். துணைத்தலைப்பையும் படக்குறிப்பையும் சேர்த்து மறைக்க வேண்டும். இல்லாவிட்டால் விடை அங்கேயே இருக்கும்.

மறைந்திருக்கும் செலவு தாள். தலைக்கு ஒன்று, வாரம் ஒருமுறை, 30 வாரம் என்றால் 1,200 தாள். இருவருக்கு ஒன்று என்றால் 600. ஆழ்ந்த வாசிப்புக்கு இருவருக்கு ஒன்றே நல்லது என்பது என் கருத்து. ஒரே தாளில் எங்கே அடிக்கோடு போடுவது என்று பேசி முடிவெடுப்பதில்தான் வாசிப்பு நடக்கிறது.

## பழைய தாள்

வெட்டுவது, ஒட்டுவது, எண்ணுவது எல்லாவற்றுக்கும் இதுவே போதும். இதற்கென்று புது இதழ் வாங்க வேண்டாம். கூட்டெழுத்து வேட்டை, ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்கள், வினைமுற்றுகளைச் சிவப்பிலும் பெயர்களை நீலத்திலும் வட்டமிடுவது, விலை அட்டவணையில் கழித்தல் கணக்கு, விளம்பரத்தில் உள்ள நட்சத்திரக் குறிக்குக் கீழே பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று தேடுவது.

முதல் நாள் தரம்பிரிப்பு நேரம் பிடிக்கும். மூன்று குவியல் போதும்: செய்திப் பக்கம், எண்ணும் அட்டவணையும் உள்ள பக்கம், படமும் விளம்பரமும் உள்ள பக்கம். ஈரவாடை உள்ளதையும் பூச்சி அரித்ததையும் அப்போதே விலக்கிவிடுங்கள், ஒரு கட்டிலிருந்து அலமாரி முழுவதற்கும் பரவும். வீடுகளிலிருந்து வரும் தாளில் இரங்கல் விளம்பரங்களைக் கவனமாகப் பாருங்கள். ஒரு குடும்பம் பத்திரமாக எடுத்துவைத்த தாள் தவறிக் கட்டில் சேர்ந்திருக்கக்கூடும்.

வெட்டும்போது வரும் தொல்லை பழகியவர்களுக்குத் தெரியும்: ஒரு பக்கச் செய்தியை வெட்டினால் பின்பக்கச் செய்தி போச்சு. இரு பக்கமும் வேண்டுமானால் அதே நாளின் இரண்டு பிரதி வேண்டும். பழைய தாளில் இது கிடைப்பது அரிது. ஒட்டும்போது ஈரப் பசையை வெட்டிய துண்டின் பின்புறம் தடவாதீர்கள். மெல்லிய தாள் ஊறிச் சுருங்கும், பின்பக்க எழுத்து முன்னால் தெரியும். அடித்தாளில் பசையை மெல்லியதாகத் தடவி, துண்டை நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி ஒட்டுங்கள். மை விரலில் ஒட்டும். ஓர் ஈரத்துணி அருகில் இருந்தால் நோட்டுப் புத்தகம் தப்பும்.

பழசாக இருப்பதே பலமாகும் இடம் ஒன்று உண்டு: முடிவு தெரிந்த செய்தி. அடுத்தடுத்த இரண்டு நாள் இதழ்களை எடுத்து, முதல் நாளின் வானிலை முன்னறிவிப்பையும் மறுநாள் பதிவான வெப்பநிலையையும் மழையளவையும் ஒப்பிடச் சொல்லுங்கள். பத்து நாள் சேர்ந்தால் அழகான பட்டை வரைபடம் கிடைக்கும். இதற்காகவே தொடர்ச்சியாகப் பதினைந்து நாள் கட்டு ஒன்றைப் பிரிக்காமல் வைத்திருங்கள். வெளிச்சம் படாத இடத்தில், தட்டையாக. நாளிதழ்த் தாளில் மரத்தின் லிக்னின் என்ற பொருள் மிச்சமிருப்பதால் வெளிச்சமும் காற்றும் பட்டால் சீக்கிரம் மஞ்சளாகி நொறுங்கும்.

நடப்புச் செய்தி விவாதத்துக்கு மட்டும் பழைய தாளை எடுக்காதீர்கள். நிலவரம் மாறியிருக்கும்; பிள்ளைகள் பழையதையே இன்றையதாக நினைத்துக்கொள்வார்கள்.

## திரை

ஒரே நிகழ்வுக்கு நான்கு இதழ்கள் வைத்த தலைப்புகளை வரிசையாகக் காட்ட இதுவே வசதி. அதைத் தாண்டி, வாசிப்புக்கு இது பலவீனமானது. முழுப் பக்கத்தைக் காட்டினால் எழுத்து தெரியாது. எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கம் தெரியாது. வகுப்பில் நேரடியாக இணையத்தில் திறக்காமல், தேவையான பகுதிகளை முன்கூட்டியே படமாக எடுத்து வையுங்கள். இணையம் அறுந்தாலும் பாடம் நிற்காது, பக்கவாட்டில் எதிர்பாராத விளம்பரமும் வராது.

இணையதளச் செய்தி அச்சிதழ்ச் செய்தியின் நகல் அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். தலைப்பு பகலில் மாறலாம், உள்ளடக்கம் திருத்தப்படலாம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இரண்டு படம் எடுத்து வைத்துக் காட்டினால் அதுவே உயர் வகுப்புக்கு நல்ல பாடம். அச்சிதழில் இதைக் காட்ட முடியாது.

## எந்தச் சூழலுக்கு எது?

எழுத்துக் கூட்டிப் படிக்கும் வகுப்புக்குப் பழைய தாள். தலைப்புகளும் விளம்பரங்களும் பெரிய எழுத்தில் இருப்பதால் அவையே அவர்களுக்கு வாசிப்பு நூல். செய்தியைத் தொட வேண்டியதில்லை. ஒரே வகுப்பில் படிக்கும் தரம் மிகவும் மாறுபட்டால் நகலுக்குப் போங்கள்: அதே செய்தியின் முதல் இரண்டு பத்தி ஒரு சாராருக்கு, முழுதும் மற்றவர்களுக்கு. இருவரும் ஒரே விவாதத்தில் கலந்துகொள்ளலாம். தகவலும் கருத்தும் பிரித்தறிய ஒரே பொருள் பற்றிய செய்தியையும் தலையங்கத்தையும் ஒரே தாளின் இரு பக்கத்தில் நகலெடுங்கள். தானாகச் செய்தி படிக்கும் பழக்கம் வர வேண்டும் என்பதே நோக்கமானால், முழு இதழைத் தவிர வேறு எதுவும் அதைச் செய்யாது.

ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்ற நிலையில் நான் நகலைப் பரிந்துரைப்பேன், வாரம் ஒன்று, இருவருக்கு ஒரு தாள். கொஞ்சம் கூடுதலாக முடிந்தால் மாதம் ஒருநாள் முழு இதழ்: ஒரே தேதியில் ஐந்து குழுக்களுக்குத் தலா ஒரு பிரதியாக ஒரு நாளிதழ், மற்ற ஐந்து குழுக்களுக்கு அதேபோல் வேறொரு நாளிதழ். அன்றைய வேலை முதல் பக்கம் மட்டும். உள்பக்கத் தாள்களை அன்றே உருவி, தேதி எழுதி, பழைய தாள் குவியலில் சேர்த்துவிடுங்கள். அடுத்த மாதத்துக் கணக்குப் பாடத்துக்கு அவை வேண்டியிருக்கும்.